பாம்புச்செவியும் ஐந்தடுக்கு டிரான்ஸ்பார்மரும்

அடுத்த அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா, அந்த விசிலைக் கொஞ்சம் நிறுத்துங்க. பல்லு கூசுது.”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. எந்த விசில்? அவர் அறையில் எந்தச் சத்தமும் இல்லை. மேசைமேல் அவர் நான்கு மாதமாகக் கட்டிவரும், சத்தத்தின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்வலைசர் பெட்டி மூடியில்லாமல் கிடந்தது. அதன் கடைசி முனையில், முந்தின நாள்தான் பார்சலில் வந்த வெளிநாட்டு டிரான்ஸ்பார்மர். அதற்கப்பால் ஒரு சின்ன ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும். இந்தப் பக்கம் சோதனைக்குச் சத்தம் கொடுக்கும் ஜெனரேட்டர். அதன் முகத்தில் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் என்ற எண் பச்சையாக எரிந்தது. எண் ஏற ஏறச் சத்தம் கூர்மையாகும்; ட்ரெபிள் என்பது அதுதான். ஸ்பீக்கர் என்னவோ ஊமையாகத்தான் இருந்தது. அதனால்தான் சற்றுமுன், “இத்தனை விலை குடுத்து வாங்கியும் இதுவும் ட்ரெபிளைத் தின்னுட்டுதே” என்று தனக்குள் சலித்துக்கொண்டார்.

ஜெனரேட்டரின் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினார்.

“அப்பாடா” என்றாள் மகள்.

மறுபடியும் ஏற்றினார்.

“அப்பா, விளையாடுறீங்களா?”

குமிழை விட்டுக் கையை எடுத்தார். 

அந்த ஊரில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் பாம்புச்செவி. மரியாதைக்காரர்கள் ‘செவியாரே’ என்பார்கள். ஆயிரம் பேர் உட்காரும் பொது அரங்கத்தில் முப்பத்தொரு வருஷமாக ஒலிப் பொறுப்பு அவருடையது. ஒருமுறை நாற்பது வயர்கள் போன மேடையில், எங்கிருந்தோ ஒரு சின்னப் பொரிச்சல் வந்தது. எல்லாரும் வயர் வயராகப் பிடுங்கத் தொடங்கியபோது இவர் கண்ணை மூடி நின்றார். பிறகு நேராக நடந்து போய் இருபத்தேழாவது வயரைத் தொட்டு, “சால்டர் விட்டுப்போச்சு” என்றார். பிரித்துப் பார்த்தார்கள். விட்டுத்தான் போயிருந்தது. அன்றைக்கு வந்த பெயர் அது. பட்டம் வாங்கியவர்கள் சட்டம் போட்டு மாட்டுவார்கள். இவர் தன் பட்டத்தைக் காதிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார்.

இந்த இரண்டு வருஷமாக முன்வரிசையில் உட்காருகிறவர்கள் சத்தம் காதைக் குத்துகிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “காதைக் கழுவிட்டு வந்து உக்காருங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பினார். அரங்கமே சிரித்தது. அவருக்கு மட்டும் சத்தம் மந்தமாகவே கேட்டது; ட்ரெபிளை இன்னும் ஏற்றினார். அந்த மந்தத்தை விரட்டத்தான் புதிய ஈக்வலைசர் கட்ட உட்கார்ந்தார்.

மகளை உள்ளே கூப்பிட்டார். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதித் தருபவள். வேலைக்குக் கிளம்பச் சீப்போடு நின்றாள். டிரான்ஸ்பார்மரைப் பரிசோதிக்க வேண்டும், சத்தம் கேட்கிறவரை கையைத் தூக்கி வைத்துக்கொள் என்றார். ஆயிரத்தில் தொடங்கினார். அவள் கை உயர்ந்தது. மூவாயிரம். ஐயாயிரத்தில் அவருக்கு அந்தச் சத்தம் நூலாக இளைத்தது. ஆறாயிரத்தில் நூலும் அறுந்தது. மகளின் கை இறங்கவில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டு. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையைத் தூக்கி வைத்திருந்தாள்.

மேசையின் இழுப்பறையைத் திறந்தார். அதன் மூலையில், மூன்று வாரத்துக்குமுன் அவர் தூக்கி எறிந்த ஜோடி டிரான்ஸ்பார்மர்கள் கிடந்தன. மஞ்சள் டேப் ஒட்டிய, கைக்கடக்கமான இரண்டு உருண்டைக் கட்டைகள். ஒன்றை எடுத்து, வெளிநாட்டுச் சரக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இணைத்தார்.  மறுபடி ஆயிரம், மூவாயிரம், ஆறாயிரம். பதினைந்தாயிரம்வரை மகளின் கை கொடிமரம்போல் நின்றது.

“எப்ப எறக்கட்டும்? தோள் வலிக்குது” என்றாள். பிறகு அவரை உற்றுப் பார்த்து, “உங்களுக்குக் கேக்கலையாப்பா?” என்றாள்.

“கேக்குது, கேக்குது. ஒரு ஒப்பீட்டுக்குத்தான் உன்னைக் கேட்டேன். நீ கிளம்பு, நேரமாச்சு.”

பெற்ற மகளிடம் முழுப் பொய். கண்ணில் பவர் கூடினால் ‘வயசாச்சு’ என்று சிரித்துக்கொண்டே புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் மனிதர்தான் அவர். அதுவும் இதே மகள் எழுதிக் கொடுத்த கண்ணாடி. காது என்றதும் அந்தச் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

அவள் போனபின் ஒரு காரியம் செய்தார். நான்கு மாதத்துக்குமுன்பே செய்திருக்க வேண்டிய காரியம். தன் பழைய மல்டிமீட்டரை, இடையில் டிரான்ஸ்பார்மரே இல்லாமல், நேராக ஜெனரேட்டரில் மாட்டினார். ஐம்பதில் சரியாகக் காட்டியது. ஆயிரத்தில் சற்று இறங்கியது. பத்தாயிரத்துக்குப் போனதும் முள் சுருண்டு அடியில் படுத்துவிட்டது. வீட்டுக் கரண்டைப் பார்க்கப் பிறந்த மீட்டர் அது. அவ்வளவு உயரமான சத்தத்தை அதனால் அளக்க முடியாது. அரிச்சுவடிப் பாடம். மற்றவர்களுக்கு அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று வாரத்துக்குமுன் அந்த ஜோடியை அளக்கையில் தன் காது சொன்னதையே இந்த மீட்டரும் சொன்னபோது, அது எதற்குப் பிறந்த மீட்டர் என்று அவர் கேட்கவில்லை. கேளாத காதுக்குக் குருட்டு மீட்டர் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை நம்பி அவர் ஒருத்தியைத் தண்டித்துவிட்டார்.

அந்த ஒருத்தி வைண்டிங்கம்மா.

பக்கத்துத் தெருவில் இருந்தாள். பன்னிரண்டு வருஷம் மின்விசிறித் தொழிற்சாலையில் காயில் சுற்றியவள். தொழிற்சாலையை மூடியபோது கணவனும் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு சுற்று மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பகுதியில் எரிந்துபோன பம்ப் மோட்டார் எதுவும் அவள் கைக்கு வராமல் பிழைத்ததில்லை. பிறகு ஆம்ப்ளிபயர் கட்டுகிற ஆட்களுக்கு டிரான்ஸ்பார்மரும் சுற்றத் தொடங்கினாள். ஸ்பேர்ஸ் கடைக்காரர் அவற்றை முன் அலமாரியில் வைத்து விற்றார். பாம்புச்செவியை அவள் இருபது வருஷமாக ‘அண்ணே’ என்பாள்.

ஈக்வலைசருக்கு எந்த டிரான்ஸ்பார்மர் போடுவது என்பது அவருக்குப் பெரிய மண்டைக்குடைச்சலாக இருந்தது. அரங்கத்தில் அவர் மேசைக்கும் மேடையின் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் அறுபது மீட்டர் வயர். பெட்டியைவிட்டுச் சத்தம் வெளியேறும் இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால்தான் வழியில் கரண்டின் உறுமல் நுழையாது. ஆனால் சரியில்லாத டிரான்ஸ்பார்மர் போட்டால் உறுமலோடு பாட்டும் போய்விடும். கீழே பாஸ் நசுங்கும், மேலே ட்ரெபிள் தேயும். கடையில் கிடைக்கிற மலிவுச் சரக்கு பாஸை நசுக்கியது. வெளிநாட்டுச் சரக்கு யானை விலை. கடைசியில் வைண்டிங்கம்மாவிடம் படம் வரைந்து எடுத்துப்போனார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்சுற்றையும் வெளிச்சுற்றையும் மொத்தமாகப் போட்டால் ட்ரெபிள் தங்காது, ஒன்று விட்டு ஒன்றாக ஐந்து அடுக்காகப் பிரித்துச் சுற்ற வேண்டும், ஜோடிக்கு மூன்று நாள் ஆகும் என்றாள். மூன்றாம் நாள் மாலை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் அவர் காதுமடல் சுட்டது. ஸ்பேர்ஸ் கடையில் கூட்டம். ஆம்ப்ளிபயர் கட்டும் பித்துப் பிடித்த ஏழெட்டுப் பேர். அவர்கள் நடுவில் அந்த ஜோடியைக் கவுண்டரில் டொக்கென்று வைத்தார்.

“அஞ்சு அடுக்குன்னு சொல்லிட்டு மொத்தமா ஒரே சுத்தா சுத்திக் குடுத்திருக்கு. மூணு நாள் வேலையை மூணு மணி நேரத்துல முடிச்சா ட்ரெபிள் எங்கேருந்து வரும்?”

அவள் கடையின் உள்பக்கம் நிற்பது அவருக்குத் தெரியாது. சரக்குக் கொடுக்க வந்திருந்தாள். துணிப்பையோடு முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

“பிரிச்சுப் பாருங்கண்ணே. ஒண்ணு போனா போகட்டும்.”

அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே, எப்படி நிறுத்துவார்? “பிரிச்சு வேற பாக்கணுமா? இந்தக் காது போதும்” என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரிங்க சார்” என்றாள். இருபது வருஷத்து அண்ணன் அந்த நொடியில் சார் ஆனார்.

ஒரு வாரத்துக்குள் முன் அலமாரியில் இருந்த அவளுடைய டிரான்ஸ்பார்மர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. பாம்புச்செவியே சொன்னபிறகு யார் வாங்குவார்கள்?

இப்போது அந்த ஜோடி அவர் மேசைமேல் இருந்தது. உடனே அவள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மனித மனத்தின் கீழ்மைக்கு ஒரு அளவு உண்டா? அவர் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் ஒரு டிரான்ஸ்பார்மரின் மஞ்சள் டேப்பைக் கீறினார். கம்பியைப் பிரிக்கத் தொடங்கினார். ட்ரெபிள் நன்றாக வந்தாலும், சொன்னபடி ஐந்து அடுக்காகச் சுற்றாமல் இருக்கலாம் அல்லவா? ஏதாவது ஒரு குறுக்குவழி, ஒரே ஒரு ஏமாற்று, சின்னதாக ஒன்று கிடைத்தால் போதும். கடையில் தான் சொன்னது முழுப் பொய் ஆகாது. அவள் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தார்.

தலைமுடி அளவே தடிமனான கம்பி. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல், தறியில் பாவு ஓட்டியதுபோல் வரிசை. ஒரு அடுக்கு முடிந்ததும் காகிதம் வந்தது. காகிதத்தில் பென்சிலால் ‘5’ என்று எழுதி, அதன்கீழ் சுற்று எண்ணிக்கை. பிறகு ‘4’. பிறகு ‘3’. ஒவ்வொரு காகிதமும் விளிம்பு பிசகாமல் வெட்டப்பட்டிருந்தது. ‘1’ என்ற காகிதம் கையில் வந்தபோது மேசையெல்லாம் செம்புக் கம்பி சிக்குப் பிடித்துக் கிடந்தது. இனி அதைச் சுற்ற முடியாது. மூன்று நாள் உழைப்பை ஒரு முற்பகலில் குப்பையாக்கிவிட்டு, அதில் ஒரு குற்றமும் காணக் கிடைக்காத ஏமாற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஏமாற்றம்தான் அவரை அதிகம் கூச வைத்தது.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கம்பிக் குவியலைப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளிடம் மட்டும் சொன்னார். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “பின்பக்கச் சுவர்க்கோழி ரெண்டு வருஷமா என் உயிரை வாங்குது. நீங்க என்னடான்னா எங்க கத்துது, எங்க கத்துதுன்னு கேப்பீங்க. சொன்னா தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன். ஊரெல்லாம் பாம்புச்செவிங்குது, நான் ஒருத்தி எதுக்குப் போட்டு உடைக்கணும்.”

அவருக்குக் கோபம் வந்தது. கோபப்பட உரிமை இல்லை என்று தெரிந்ததும் அது கண்ணீராக மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் துடைத்தார்.

வைண்டிங்கம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள் மனைவி. அவரோ, முதலில் கடையில் சரிசெய்துவிட்டு அப்புறம் போகிறேன் என்றார். காரியம் அவளுடைய பெயரைக் காப்பாற்றுவதுதானே, தன் காதைப் பற்றித் தண்டோரா போட வேண்டிய அவசியம் என்ன என்று கணக்குப் போட்டார். காது போனது தெரிந்தால் அரங்கத்து வேலை போகும். அதைவிட, செவியாரே என்று கூப்பிடும் அந்தக் குரல்கள் போகும்.

மறுநாள் கடைக்குப் போய், கூட்டம் கேட்கவே சொன்னார். தன் மீட்டரில்தான் கோளாறு. அந்த அம்மாவின் டிரான்ஸ்பார்மர் சுத்தம்.

கடைக்காரர் நல்ல மனிதர். சிரித்தபடி கேட்டார். “மீட்டர் கோளாறு, சரி செவியாரே. காது? அன்னைக்குக் காது போதும்னீங்களே.”

 சொல்ல வேண்டிய வார்த்தை நுனிவரை வந்தது. “அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்” என்றார்.

யாரும் நம்பவில்லை. நம்பாததும் அவருக்கு நல்லதாகவே முடிந்ததுதான் கொடுமை. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ஒண்டிப் பொம்பளை கஷ்டப்படுகிறாள், வயிற்றில் அடிக்கக் கூடாது என்று பார்க்கிறீர்கள், எனக்குப் புரிகிறது, பெரிய மனசு உங்களுக்கு என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தார்.

வைண்டிங்கம்மா வீட்டுக்கு அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அவளே வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை. மகள் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. கதவைத் திறந்த மனைவி, “வாம்மா, உள்ள வா” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள். நாற்காலி போட்டும் அவள் உட்காரவில்லை. அறை வாசலிலேயே நின்றாள்.

“ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார். என்னைப் பாவம்னு கடையில சொன்னீங்களாமே.”

“நான் அப்படிச் சொல்லலைம்மா. உன் டிரான்ஸ்பார்மர் சுத்தம்னுதான் சொன்னேன்.”

“கடைக்காரர் நேத்து ஆள் அனுப்பினார். எட்டு வேணுமாம், பாதி விலைக்கு. அதையும் பாம்புச்செவி முகத்துக்காக எடுத்துக்கறாராம். வேணாம்னுட்டேன்.” அவள் குரல் அப்போதுதான் முதன்முறையாக உடைந்தது. “முன்னாடி திருடின்னாங்க. இப்ப பிச்சைக்காரிங்கறாங்க. திருடின்னப்ப பதில் சொல்ல எனக்கு வாயிருந்துது சார். இதுக்கு என்ன பதில் சொல்றது? நான் சுத்தினது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்டபடியே அவள் மேசையைப் பார்த்துவிட்டாள். அங்கே அந்தச் செம்புக் குவியல் இன்னும் இருந்தது. தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை, எடுத்து மறைக்கவும் தோன்றவில்லை. பக்கத்தில் ஐந்து காகிதத் துண்டுகள். அவள் மெல்ல நடந்து வந்து, தன் பென்சில் எழுத்தை ஒன்றொன்றாகப் பார்த்தாள்.

“எப்ப பிரிச்சீங்க?”

“புதன்கிழமை.”

“கடைக்குப் போனது?”

“வியாழன்.”

அவள் விரல் விட்டு எண்ணத் தேவையிருக்கவில்லை. “அப்ப, அஞ்சு அடுக்கையும் கண்ணால பாத்துட்டுத்தான், மீட்டர் கோளாறுன்னு சொன்னீங்களா?”

அந்த அறையில் ஓடி ஒளிய ஒரு மூலை இல்லை. வாசல்படியில் மனைவி, அவள் தோளுக்குப் பின்னால் மகள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மீட்டர் மட்டும் இல்லைம்மா. எனக்குக் காது போச்சு. ஆறாயிரத்துக்கு மேல ஒண்ணும் கேக்கலை. உன் டிரான்ஸ்பார்மர்ல ட்ரெபிள் இருந்துது. எனக்குத்தான் இல்லை.”

மூன்று நாளாகத் தொண்டையில் கிடந்த முள்ளை எடுத்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தார். அவளோ தலையை ஆட்டினாள்.

“இதுவும் எனக்காகச் சொல்றதா?”

அவர் திகைத்துப் போனார். ஆனால் அவள் கேட்டதில் என்ன தவறு? நேற்றுவரை ஜலதோஷம் என்றவர், இன்று காது போச்சு என்கிறார். பாதி உண்மை சொன்னவனின் முழு உண்மைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

மகளைக் கூப்பிட்டார். வெளிநாட்டுச் சரக்கை மறுபடி இணைத்துவிட்டு, அவளை ஜெனரேட்டர் முன்னால் உட்காரச் சொன்னார். தானே நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “ஆயிரத்துலேருந்து ஏத்தும்மா. எனக்குக் கேக்கிற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருக்கேன்.”

“வேணாம்ப்பா” என்றாள் மகள் மெதுவாக.

“ஏத்தும்மா.”

ஆயிரம். கையைத் தூக்கினார். சத்தம் ஏறியது, அவர் கை நின்றது. தண்ணீர் ஊற்றின குடம் நிரம்பும்போது சத்தம் மெலிவதுபோல் அது மெலிந்துகொண்டே போனது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கழுத்தை நீட்டினார். முடியவில்லை. கை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதியான அமைதி. அறையில் மூன்று பெண்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்காத அமைதி. மகள் நிறுத்திவிட்டாள் போலும் என்று நினைத்து, முடிந்ததா என்று கேட்பதற்காகக் கண்ணைத் திறந்தார்.

மகள் குமிழைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். மனைவி முகத்தைச் சுளித்துப் பல்லைக் கடித்திருந்தாள். வைண்டிங்கம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று பேரையும் துளைத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தின் நடுவில் அவர் ஒருவர்தான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். முன்வரிசைக்காரர்கள் அவர் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு வருஷமாக அவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களா? கழுவிவிட்டு வாருங்கள் என்று சொன்னாரே.

“போதும், நிறுத்தும்மா” என்றாள் வைண்டிங்கம்மா.

அவர் போனை எடுத்தார். கடைக்காரருக்குப் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். ஜலதோஷம் என்று சொன்னது பொய், தனக்குக் காது போய்விட்டது, மூன்று வாரத்துக்கு முன்னாலும் போய்த்தான் இருந்தது, அந்த ஜோடியில் ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் ஐந்தடுக்கும் அச்சு அசலாக இருந்தது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதை இன்று கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும், இரக்கத்துக்காகச் சொன்னதாக யாராவது பேசினால் நேரில் வந்து காதைக் காட்டுகிறேன் என்றார். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அரங்கத்துல தெரியுமா செவியாரே?”

“இன்னைக்குப் போய்ச் சொல்லிடுவேன்.”

“யோசிச்சுச் செய்யுங்க. சோத்துல மண்ணு விழுந்துடும்.”

“அந்தம்மா சோத்துல நான் மண்ணு போட்டு மூணு வாரம் ஆச்சு. யோசிக்க ஒண்ணும் இல்லை.”

எட்டையும் முழு விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும், அலமாரியில் பழைய இடத்திலேயே வைப்பதாகவும் கடைக்காரர் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் மலர்ச்சி ஒன்றும் வரவில்லை. நியாயமாகத் தன்னுடையதாக இருந்தது திரும்பி வருவதற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

போனை வைத்தபின் அவர் எழுந்தார். இழுப்பறையில் இருந்த மற்ற டிரான்ஸ்பார்மரை எடுத்தார். பிரிக்காதது. அதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார். ஈக்வலைசரில் இதைத்தான் போடுவேன்; இதற்கு ஜோடியாக இன்னொன்று அவள் சுற்றித் தர வேண்டும், எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பேன் என்றார். அப்படிக் கேட்டால் அவள் மனம் இளகும் என்று நம்பினார். பாவம், நாடகங்களில் அப்படித்தானே நடக்கும்?

அவள் அவர் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். டேப்பின் நுனி சற்றுத் தூக்கியிருந்தது; கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“இது உங்க பெட்டியில வேணாம் சார்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “நாளைக்கு ஒருநாள் உங்களுக்குச் சத்தம் மந்தமாத் தெரியும். அது காதா, என் கையான்னு உங்களால சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. மறுபடியும் எந்தக் கவுண்டர்லயாவது போய் நிப்பீங்களோன்னு நான் தினம் நினைச்சுக்கிட்டே இருக்கணும். அந்த வெளிநாட்டுதையே போட்டுக்குங்க. அதுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.”

“இனிமே நான் அப்படி—”

“பேச மாட்டீங்க. தெரியும். ஆனா என்னால முடியாது.”

 மன்னித்துவிடு என்ற வார்த்தையை அதுவரை அவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காதைப் பற்றிச் சொன்னார், மீட்டரைப் பற்றிச் சொன்னார், கடைக்காரரிடம் அத்தனை சொன்னார். அவளிடம் அந்த ஒரு வார்த்தை இல்லை. இப்போது சொன்னால் டிரான்ஸ்பார்மருக்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் எப்போதுமே சொல்லாததாக ஆகிவிடும். அவர் தேர்ந்தெடுப்பதற்குள் அவள் டிரான்ஸ்பார்மரைத் துணிப்பையில் வைத்து, மேசையிலிருந்த ஐந்து காகிதங்களையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, முன்னறைக்குப் போய்விட்டாள்.

அவர் அறையைவிட்டு வெளியே வந்தார். மனைவி ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். மெஷினில் வேலை பாதியில் நிற்கிறது என்றாள் அவள். மகளின் கன்னத்தைத் தொட்டு, அழாதே என்றாள். அவர் நின்ற திசையில் ஒரு முறை பார்த்தாள். திட்டிவிட்டாவது போக மாட்டாளா என்று அவர் ஏங்கினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“மன்னிச்சிடும்மா” என்றார் அவர்.

படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. தெருவில் ஒரு லாரி போன இரைச்சலில், மெல்லிய குரலின் நுனிகள் அவருக்கு எட்டவில்லை. என்ன சொன்னாள் என்று மனைவியிடம் கேட்கலாம். பதில் எதுவாக இருந்தாலும் கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. மனைவியும் தானாகச் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். மரம் நிலையில் மோதிய அந்தக் கனத்த சத்தம் மட்டும் அவருக்கு முழுதாகக் கேட்டது.